ரோவீனாவின் கைவிலங்கு

1

இந்தக் கதை ஒரு வேண்டுகோளில் தொடங்கியது. அமெரிக்காவின் ஆர்கன்சாஸில், எங்கள் ஊர் மார்ஷல் அலுவலகத்தின், அதாவது மத்திய நீதிமன்றங்களுக்கான காவல் படையின், ஆண்டு மலருக்கு அந்தப் படையின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள். நான் கல்லூரியில் வரலாறு படித்தவன். என் மனைவி ரோவீனா அங்கே துணை மார்ஷல். மார்ச்சில், பிடியாணையோடு ஒரு கதவைத் தட்டியபோது சுடப்பட்டு இறந்தாள்.

முதல் தொடக்கம்: அவள் சிரிக்கும்போது

(இந்த வரியை அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: நாட்டுக்கென்று ஒரு நிரந்தரத் தலைநகர் அமைவதற்கு முன்பே மார்ஷல்கள் இருந்தார்கள்.

இது நிற்கட்டும்.

2

நீதிபதி சொல்வார், மார்ஷல் செய்வார். வேலை அவ்வளவுதான். ஆரம்ப காலத்தில் வீடுவீடாகப் போய் மக்கள்தொகையை எண்ணியதும் இவர்கள்தான். நியூ ஆர்லியன்ஸில் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமியை, வசைபாடும் கூட்டத்தைத் தாண்டி, அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளிக்கு அழைத்துப் போனார்கள். [இதை எழுதும்போது நிமிர்ந்து உட்கார்ந்தேன். குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.] தப்பியவனைப் பிடிப்பார்கள். பிடித்தவனைச் சேதமில்லாமல் நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள், யாராக இருந்தாலும்.*

* அவளைச் சுட்டவனையும்.

3

ஹாலிஸ் என்ற பாத்திரத்தில் எனக்கே சந்தேகம் உண்டு. இவ்வளவு பெரிய உடம்புக்குள் இவ்வளவு கூச்சம் இருக்க முடியுமா? ரோவீனாவோடு ஜோடியாக வேலை பார்த்தவர். ஞாயிறு மதியம் ஒரு தட்டு சிக்கன் ஸ்பகெட்டியோடு வந்தார்.

"சாப்பிடுறியா இல்லையாடா? எலும்பா நிக்கிற."

"ஃப்ரீஸர்ல மூணு தட்டு கிடக்கு. எல்லாம் உங்க வீட்டம்மா குடுத்ததுதான்."

"இது நானே செஞ்சது. நாய்க்குப் போட்டேன், மோந்துட்டுப் போயிருச்சு."

பிறகு தொப்பியைக் கழற்றினார். "தம்பி, நாளைக்கு அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டு போறோம். அவ விலங்கைக் குடு. அதைத்தான் மாட்டணும்."

கொல்லப்பட்டவரின் விலங்கைக் கொன்றவனுக்குப் பூட்டுவது இங்கே காவலர்களின் வழக்கம். நான் கற்பனை செய்தது அல்ல.

அவள் விலங்கை எடுத்து வந்து மேசையில் வைத்தேன். ஆனால் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் தினமும் இடுப்பில் சுமந்த பொருள்களில் மிச்சம் இது ஒன்றுதான்.

"ரெண்டாம் பூட்டு போடுவீங்களா?"

அதைப் போடாவிட்டால், கை அசைய அசைய விலங்கு மணிக்கட்டை இறுக்கிக்கொண்டே போகும். ரோவீனா யாருக்கும் அதைப் போடாமல் விட்டதில்லை.

ஹாலிஸ் ஜன்னலைப் பார்த்தார். "அவனுக்குமா?"

"அவ போட்டிருப்பா."

"போட்டிருப்பா. வீம்புக்காரி." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அதாண்டா எரியுது."

4

முடிவு ஒன்று: கொடுக்கிறேன். ஹாலிஸ் வாக்குத் தருகிறார்.

முடிவு இரண்டு: கொடுக்கவில்லை. அவன் வேறு ஏதோ விலங்கில் போகிறான். அவள் பெயர் பொறித்தது என்னிடமே

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். எதற்கும் மனம் ஒப்பவில்லை. மலரில் எது வந்தாலும் இந்தப் படையைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெருமைதான். அது அவளுடைய படை.

கையை எடுத்துவிட்டேன். வாசகரே, விலங்கும் சாவியும் இனி உங்களிடம். அவன் இரு கைகளையும் நீட்டி நிற்கிறான். ஹாலிஸும் நானும் தலையிடப் போவதில்லை.

சாவியின் நுனியில் ஒரு சின்ன முள் இருக்கும். அதை விலங்கின் துளையில் அழுத்தினால்தான் இரண்டாம் பூட்டு விழும்.