பாதி மலையில் கோரா

அந்த ஜூன் மாதம் முழுக்க லார்க்கின் ஊரில் பாப்ளர் மரங்களின் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. ஆற்றின் குறுக்கே அணை எழும்பிவிட்டது. குளிர்காலத்துக்குள் ஊர் தண்ணீருக்கடியில் போய்விடும். வீடுகளைக் காலி செய்தவர்கள் கடைசியாகக் கல்லறைகளையும் மலைமேல் மாற்றினார்கள். உச்சியில் முன்வரிசை பெரிய மனிதர்களுக்கு: கால்வாய் வெட்டிய லூட்ஸ், முதல் நீதிபதி, பள்ளிக்கூடம் கட்டிய பாதிரியார். ஓட்டல் நடத்திய கோரா பென்ரோஸுக்கோ கடைசி வரிசையில், வேலியோரம் இடம். அவள் ஓட்டலில் சூதாட்டம் நடந்ததாம்.

கோராவுக்கு உறவென்று யாருமில்லை. அதனால் தையற்காரி வெர்னா சவப்பெட்டியோடு லாரியில் ஏறிக்கொண்டாள். பாதி மலையில் லாரி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

“செத்தும் இந்தம்மா பிடிவாதத்த விடல பாருங்க,” என்றான் ஓட்டுநர் டெல்மர், என்ஜின் மூடியைத் திறந்தபடி.

“சொன்ன இடத்துக்கு அவங்க என்னைக்குப்பா போனாங்க?”

பெட்டியின் மேல் பஞ்சு வெள்ளையாகப் படிந்தது. வெர்னாவின் கண்கள் செருகின. விஷக்காய்ச்சல் ஊரைச் சுருட்டிய அந்தப் பனிக்காலம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. பாதை அடைபட்டு, விறகு தீர்ந்து, ஓட்டல் அறைதோறும் பிள்ளைகள் முனகிக் கிடந்தார்கள். கோரா கோடரியோடு கூடத்தில் நின்றாள். மேசைகள் போயின, கதவுகள் போயின, கடைசியில் பியானோவும் அடுப்புக்குள் போனது. தீயில் அதன் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்து பாடின. சிறுமி வெர்னா அந்தப் பாட்டிலேயே தூங்கிப்போனாள். விழித்தபோது காய்ச்சல் இறங்கியிருந்தது.

கார் ஒன்று வந்து நின்றது. இடமாற்றக் குழுத் தலைவர் பெக் இறங்கினார்.

“என்ன வெர்னா, நடுவழியிலயே குடித்தனம் பண்ணப் போறியா?”

“நான் இல்ல, கோராதான். இவங்களை இங்கயே புதைச்சிடலாம்.”

“வரைபடத்துல இந்த இடமே கிடையாது.”

“காய்ச்சல் வருஷம் நீ எந்த ரூம்ல கிடந்தே, பெக்?”

அவர் பள்ளத்தாக்கைப் பார்த்தார்.

“மாடியில, மூலை ரூம். என் கட்டில் ஒண்ணத்தான் மிச்சம் வெச்சாங்க. தம்பியோட கட்டில... அவனுக்கு அப்புறம் தேவைப்படல.”

கோட்டைக் கழற்றி லாரியில் போட்டுவிட்டு, அதில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். மண் சாம்பலைப்போல இளகிக் கொடுத்தது.

அடுத்த வசந்தத்தில் நீர் ஏறி, கோராவின் கல்லுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. உச்சியில் இருக்கும் பெரிய மனிதர்களைத் தேடி ஏறுபவர்கள் குறைவு. படகில் வருபவர்கள் மட்டும் கோராவின் காலடியில் இறங்கி, ரொட்டியைப் பிரித்துச் சாப்பிட்டு, பிள்ளைகளை விளையாட விடுகிறார்கள்.

ஒரு ஞாயிறு வெர்னாவும் துடுப்பை நிறுத்திவிட்டு, ஓட்டல் இருந்த இடத்துக்கு மேலே படகை மிதக்கவிட்டாள். கீழே பச்சை வெளிச்சத்தில் ஏதோ ஜன்னல் திறந்து மூடியதுபோல இருந்தது.

“என்ன தெரிஞ்சுது?” என்று கரையிலிருந்து டெல்மர் கேட்டான்.

“மேகத்தோட நிழல்தான்பா,” என்றாள் அவள். ஆனாலும் உடனே கரைக்குத் திரும்பவில்லை.