யோகராசாவின் கிருமி

கேதீஸ்வரி புருஷனின் அறைக்குள் கால்வைத்து இரண்டு மாதமாகிறது. சோற்றுக் கோப்பையை வாசலில் வைத்துவிட்டு, வலைகள் கிடக்கும் கொட்டிலுக்குப் போய்விடுவாள். படுக்கையும் அங்கேதான்.

யோகராசாவுக்குச் சிறுநீரகம் மாற்றியிருந்தது. உடம்பு அதைத் தள்ளிவிடாதபடி, எதிர்ப்பைக் குறைக்கும் குளிசைகளை நாள்தோறும் விழுங்கவேண்டும். அப்படிப்பட்ட மனுசனைக் கொரோனா பிடித்தது. பிடித்தது விடவில்லை. காய்ச்சல் தணியும், பிறகு ஏறும். சோதித்தால் கிருமி இன்னும் இருக்கிறது என்பார்கள்.

கேதீஸ்வரி அறிந்த தொற்று அம்மாள் வருத்தம் என்கிற அம்மைதான். அதற்குரிய ஒழுங்கையே இதற்கும் பிடித்தாள். வாசலில் வேப்பிலை கட்டினாள். வெளியே போய்வந்தால் கிணற்றடியில் தலைமுழுகாமல் உள்ளே போகமாட்டாள். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் மட்டும், சந்தையில் மீன் விற்றுவிட்டு வந்தவள் அவர் இருமுவதைக் கேட்டு அப்படியே உள்ளே ஓடிவிட்டாள். மறுநாள் காய்ச்சல் ஏறியது. தானே கிருமியைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து கொடுப்பதாக முடிவுகட்டி, அன்றோடு அறைக்குள் போவதை நிறுத்தினாள். சொன்னால் கேட்கிற ஆளா அவள்!

அன்று ஆய்வுகூடத்து நிருஷா வந்தாள். யோகராசாவின் மூக்கில் மாதிரி எடுத்துப்போனவள் அவள்தான்.

"அக்கா, முதல் எடுத்த கிருமியையும் இப்ப எடுத்ததையும் மரபணு எழுத்தெழுத்தா ஒப்பிட்டுப் பார்த்தம். இது வெளியால இருந்து புதுசா வந்ததில்ல. முதல் வந்ததுதான், அவருக்குள்ளயே பெருகி மாறிக்கிடக்கு."

"எப்பிடிப் புள்ள சொல்லுவாய்?"

"இப்ப ஊருக்குள்ள திரியிறது வேற வகை. அதோட, இதில கனக்க இடத்தில ஒரே மாதிரித்தான் எழுத்து மாறியிருக்கு. அது பெரும்பாலும் எங்கட உடம்பு செய்யிற வேலை. உள்ள வந்த கிருமிட எழுத்தைக் கெடுத்துவிடும். அதில நிறையச் செத்துப்போகும். சாகாதது அந்தத் தழும்போட பெருகும்."

கேதீஸ்வரி அறை வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப அவர்ட உடம்பு இன்னும் அடிக்குதா?"

"ஓம் அக்கா. அவ்வளவு குளிசை போட்டும் அடிக்குது. அடிச்சு முடிக்கத்தான் ஏலாம இருக்கு. டொக்டர் வேற மருந்து தொடங்கப்போறார்."

"நான் அண்டைக்குக் குளிக்காமப் போனது?"

"அதால ஒண்டும் வரல்ல. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு உள்ள போங்க."

கேதீஸ்வரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே மாஸ்க்கைக் கட்டி, கோப்பையோடு உள்ளே போனாள். யோகராசா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மெலிந்த முதுகைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"எழும்புங்க, சாப்பிடுவம்."

அவர் திரும்பி அவளையே பார்த்தார்.

"நீ பயத்தில என்னை விட்டிட்டாய் எண்டு நினைச்சன்."

"பயம்தான்," என்றாள், சோற்றைப் பிசைந்தபடி. "என்னை நினைச்சில்ல."