பதினோராம் டியூட்

ஜெனூபா ராத்தா கைபேசியை என் மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஏழு எண்டு கிடக்கு சஹ்லா. நான் பாஸ்தானே?"

திரையில் ஆங்கிலச் சோதனையின் மொத்தப் புள்ளி, ஒன்பதுக்கு ஏழு என்று பெரிதாக இருந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில் நாலு எண்கள். கேட்டல் ஏழரை, வாசித்தல் ஏழு, எழுத்து ஏழு, பேச்சு ஐந்தரை. நாலையும் கூட்டினால் இருபத்தேழு. நாலால் பிரித்தால் ஆறே முக்கால். முக்கால் வந்தால் அதை மேலே தூக்கி முழு எண்ணாக்கிவிடுவார்கள். அப்படி வந்த ஏழு அது.

ராத்தா விண்ணப்பித்திருந்த நாட்டின் தாதியர் சபை அந்தப் பெரிய ஏழைப் பார்க்காது. நாலிலும் தனித்தனியே ஏழு கேட்கும். சும்மா பிடிவாதம் இல்லை அது. நன்றாக வாசிக்கிற ஒருவர், நடுராத்திரியில் டொக்டரிடம் நோயாளியின் நிலையைச் சொல்லத் திணறினால் வாசிப்பு உதவாதுதானே. இதை வகுப்பில் எத்தனையோ தடவை ஆசையோடு விளங்கப்படுத்தியிருக்கிறேன். அன்றைக்கு அந்த விளக்கத்தை விட்டுவிட்டேன்.

"ராத்தா, கடைசி நம்பரைப் பாருங்க."

பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

அவருக்கு நாற்பத்து மூன்று வயது. பதினெட்டு வருடமாகப் பிரசவ வாட்டில் தாதி. எனக்கு முப்பத்தொன்று. கல்முனை பஸ் டிப்போவுக்குக் கிட்ட ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் நான் நடத்துகிற ஆங்கில வகுப்புக்கு, வேலை முடிந்த கையோடு வந்து முன் வரிசை வாங்கில் இருப்பார். என்னை ஊருக்கு முன்னால் 'டீச்சர்' என்பார்; தனியே 'சஹ்லா', 'புள்ள' என்பார்; எனக்கு அவர் ராத்தா, அக்காவைப்போல. வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று அவருக்கு வேலைக் கடிதம் அனுப்பியிருந்தது. கணவரையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம். கடிதம் செல்லுபடியாவது இந்த மாதம் முப்பதாம் திகதி வரைக்கும். அன்று பதினொன்று.

"பேச்சிலதான் நான் பயப்படவே இல்ல," என்றார். "எனக்கு வந்த கேள்விக் காட் என்ன தெரியுமா? நீங்கள் எடுத்த கஷ்டமான முடிவொன்றைப் பற்றிச் சொல்லுங்கள். அல்ஹம்துலில்லாஹ் எண்டு தொடங்கினன். கிட்டங்கிக் கதை."

நான் திரையிலிருந்து கண்ணை எடுத்தேன்.

"ரெண்டு நிமிசமும் நிக்காம சொன்னீங்களா?"

"ஒரு இடத்திலயும் நிக்கல்ல. ஆனா சோதிச்ச பொம்புள பாதியில பென்சில கீழ வெச்சிட்டா. பிறகு என்னென்னவோ கேட்டா. ட்ரெக்டர ஓட்டினவர் என்ன சொன்னவர், மழை எத்தின நாளாப் பெய்தது எண்டு. கடைசில, அந்தத் தாயை இப்பயும் காணுறீங்களா எண்டு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்டும் சொல்லல்ல. என்ன சொல்ற? வாய் வரல்ல."

பேச்சுச் சோதனை எப்படி நடக்கிறது என்பதை இங்கே சொல்லவேண்டும். ஓர் அறை, ஒரு மேசை, எதிரே ஒரு பரீட்சகர். பக்கத்தில் ஒலிப்பதிவு ஓடும். முதலில் ஊர், வேலை என்று சின்னக் கேள்விகள். பிறகு ஒரு கேள்வி அட்டை, அதாவது காட், தருவார். ஒரு நிமிடம் யோசித்து, இரண்டு நிமிடம் தனியே பேசவேண்டும். அதன் பிறகு அதையொட்டிய கேள்விகள். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நாலுக்கும் தனித்தனிப் புள்ளி. சொன்னது உண்மையா பொய்யா என்பதற்குப் புள்ளியே கிடையாது.

ஆனால் மனப்பாடம் செய்ததா என்று பார்ப்பார்கள். மனப்பாடம் செய்தவரின் குரல் ஒரே வேகத்தில் போகும். மூச்சு தவறான இடத்தில் எடுபடும். மற்றக் கேள்விகளுக்குத் தடுமாறுகிறவர் இங்கே மட்டும் ஆறாக ஓடுவார். சந்தேகம் வந்தால் பரீட்சகர் பென்சிலை வைத்துவிடுவார். அந்த இரண்டு நிமிடத்தைக் கணக்கில் எடுக்காமல், யாரும் தயார்செய்து வந்திருக்க முடியாத கேள்விகளைக் கேட்டு, அந்தப் பதில்களுக்கு மட்டும் புள்ளி போடுவார். நியாயமான முறை. என்னிடம் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அதே கதையை அதே வசனங்களில் என் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேரிடம் ஏற்கெனவே கேட்ட ஒருவருக்கு, ஆறாவது ஆளைப் பிடிக்க மூச்சைக்கூடக் கவனிக்கத் தேவையில்லை.

டியூசன் வகுப்பில் மனப்பாடம் செய்யக் கொடுக்கிற நகல் தாளை நாங்கள் டியூட் என்போம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையிலிருந்து உயர்தரம் வரைக்கும் இங்கே எல்லாரும் டியூட்டில்தான் வளர்ந்தவர்கள். டியூட் கொடுக்காத ஆளை ஆசிரியர் என்றே எடுக்கமாட்டார்கள். பேச்சுக்கு டியூட் கேட்டார்கள், நானும் கொடுத்தேன். அவற்றில் பதினோராவது, ராத்தாவின் கதை.

பங்குனி மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அதை வகுப்பில் சொன்னார். உண்மையாக நடந்ததைச் சொன்னால் சொற்கள் தானாக வரும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். நாவிதன்வெளிப் பக்கம் வேலை செய்த காலம். பிள்ளை பெற்ற ஒரு தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. கல்முனைக்குக் கொண்டு வரவேண்டும். கிட்டங்கி வீதிக்கு மேலால் வெள்ளம், அம்புலன்ஸ் ஏறாது. சுற்றுப் பாதையால் போனால் இரண்டு மணித்தியாலம். ராத்தா ட்ரெக்டர் பெட்டியில் தாயைக் கிடத்தி, சேலைன் போத்தலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வெள்ளத்துக்குள் இறங்கினார். நடுவில் என்ஜின் நின்றது. மறுகரை சேர முதல் தாய் போய்விட்டாள். சுற்றுப் பாதையால் போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று இன்றைக்கும் தெரியாது என்று சொல்லி முடித்தார். இறந்தகாலமும் நிகழ்காலமும் கலந்த ஆங்கிலம். இடையில் நாலு முறை நின்றார்.

"இதை டியூட்டாப் போடவா ராத்தா?" என்று கேட்டேன். "புள்ளைகளுக்கு உதவுமெண்டா போடு," என்றார்.

வீட்டில் இருந்து திருத்தினேன். காலங்களை ஒழுங்காக்கினேன். நல்ல இணைப்புச் சொற்கள் வைத்தேன். அந்தக் கேள்வி அட்டையின் கடைசி வரி, 'பிறகு எப்படி உணர்ந்தீர்கள்' என்று கேட்கும். துக்கத்தைச் சொல்வதற்குப் பிள்ளைகளிடம் சொற்கள் குறைவு. பெருமையைச் சொல்ல நிறைய இருந்தன. அதனால் டியூட்டில் என்ஜின் திரும்ப இயங்கியது. தாய் பிழைத்தாள். என்னைக் கேட்டால், அந்த இடத்தில் நான் ஒரு உயிரைப் பற்றியே யோசிக்கவில்லை. சொல்வளத்தைப் பற்றி யோசித்தேன்.

ராத்தாவும் அதையே பாடமாக்கினார். தன்னுடைய உடைந்த வசனங்களை விட்டுவிட்டு என்னுடைய நேரான வசனங்களை.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். ஐந்து பேர் அந்தக் கதையைப் பரீட்சகரிடம் சொன்னார்கள் என்பதையும் சொன்னேன். அது அவருக்குத் தெரியாது. மாதிரிக்குப் பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்திருக்கிறார்.

"நம்மட வகுப்பு றிபாஸுமா?"

"ஓம். அவன் ட்ரெக்டரைத் தோணியா மாத்தினான்."

"மருந்துக்கடையில நிக்கிறவன், அவனுக்கென்ன தோணி?" ராத்தா கதிரையில் சாய்ந்தார். "அவ கிடந்து சாக ஒரு ட்ரெக்டர் பெட்டிதான் கிடைச்ச. அவன் தோணில ஏத்திக் கரை சேத்திட்டான் என்ன?"

கைபேசியைத் தூக்கிப் பையில் போட்டார்.

"நானும்தானே சேத்தன்," என்றார். "அந்தப் பொம்புள அவவை இப்பயும் காணுறீங்களா எண்டு கேட்டதும் எனக்கு அவட முகம் வந்திட்டு. இப்பத்தான் உயிரோட இரிக்கிறா எண்டு சொல்லி வாய் மூடல்ல. பிறகு என்னத்தக் கதைக்க?"

மேல்முறையீடு ஒன்று இருக்கிறது என்று சொன்னேன். வாய் தானாக விளக்கத் தொடங்கியது. ஒலிப்பதிவை மூத்த பரீட்சகர் ஒருவர் கேட்பார், முதல் புள்ளி அவருக்குத் தெரியாது, கூடினால் கூட்டுவார்கள். "நான் ஒரு கடிதம் எழுதுறன் ராத்தா. கதை உங்களுடையது, டியூட் ஆக்கினது நான் எண்டு. டியூட்டையும் இணைச்சு அனுப்புவம்."

"அனுப்பினா ஏழு வருமா?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். வராது. ரெண்டாவது ஆளும் குரலைத்தான் அளப்பார். வசனங்கள் பாடமாக்கியவைதான். கதை யாருடையது என்பதற்கு அந்தத் தாளில் இடமில்லை.

"மற்றப் புள்ளைகளுக்கு என்ன ஆகும்?"

"விசாரிப்பாங்க. முடிவுகளை நிப்பாட்டலாம்."

"அப்ப எனக்கு வராத, அதுகளுக்கும் போற. என்னத்துக்கு எழுதுற? உன்ட மனசுக்கா?"

"ராத்தா..."

"எழுதாத. அவட சாவ இன்னொரு பேப்பரில போட்டு ஒருத்தருக்கும் அனுப்பாத."

எனக்கு முதலில் வந்தது ஆறுதல். அதை மறைக்கமாட்டேன். கடிதம் போயிருந்தால் வகுப்பும் போயிருக்கும்.

கொழும்பில் இருபத்துமூன்றாம் திகதி ஓர் இடம் காலியாக இருந்தது. முடிவு வர ஐந்து நாள் எடுக்கும். இருபத்தெட்டு. முப்பதுக்கு முன்னம். நான்கு பகுதியையும் திரும்ப எழுதவேண்டும். ஆனால் மற்ற மூன்றுக்கும் நான் பயப்படவில்லை. ராத்தா அன்றே பதிந்தார்.

மறுநாள் வகுப்பில் இருந்த எல்லாரிடமும் பதினோராம் டியூட்டைத் திருப்பி வாங்கினேன். நிப்லா தரவில்லை. அவளுக்கு அடுத்த புதன்கிழமை சோதனை.

"மூணு மாசம் பாடமாக்கின டீச்சர். இப்பக் கிழிக்கச் சொன்னா நான் என்னத்தச் சொல்ற? எனக்கு நடந்த கதை ஒண்டும் இல்லயே."

"உன்ட வீட்டைப் பத்திச் சொல்லு."

"வீட்டில என்ன நடக்குது? உம்மா சமைக்கிறா, நான் திங்கிறன். அதுக்கு ஏழு தருவாங்களா?"

பின் வரிசை வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். றிபாஸுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "எனக்கு ஏழரை வந்தாச்சு டீச்சர், அந்தத் தோணி கரைக்குப் போயிட்டு," என்றான். பிறகு, ராத்தாவுக்கு ஐந்தரை என்று சொன்னேன். "அது உண்மையாவே அவட கதையா?" என்று கேட்டான். வகுப்பில் அவர் சொன்ன அன்று அவன் வரவில்லை. டியூட்டை மட்டும் வாங்கினவன்.

ராத்தா ஒவ்வொரு நாள் பின்னேரமும் வந்தார். ஒரு நிபந்தனை போட்டார்: நான் திருத்தக் கூடாது. "நீ திருத்தினா அது உன்ட வாய். அங்க நீ வரப்போறியா?" இரண்டு கையையும் மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு கேட்டேன். திருத்தாமல் இருப்பது என்பது எனக்குத் தெரியாத வேலை. பிழையான சொல் ஒன்று விழும்போது கண் இமைத்தாலே அவர் கண்டுபிடித்துவிடுவார்.

"பாத்தியா, முகத்தால திருத்துறாய்," என்பார்.

அதனால் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

இருபத்தோராம் திகதி கடைசி நாள். நான் காட் ஒன்றை எடுத்தேன். நீங்கள் அடிக்கடி பயன்படுத்தும் ஓர் இயந்திரம். ஒரு நிமிடம் கொடுத்தேன். தாளில் ஒன்றும் எழுதாமல் ஜன்னலால் பஸ்களைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, பிறந்த பிள்ளையின் வாயிலிருந்து சளி உறிஞ்சுகிற மெசினைப் பற்றிச் சொன்னார்.

மூன்று தடவை சொல் கிடைக்காமல் நின்றார். இரண்டு தடவை கிடைத்தது. மூன்றாம் தடவை, அந்தக் குழாயின் பெயர் வராமல், வளையக்கூடியது, பிள்ளையின் தொண்டையைக் கீறாதது, என் சின்னிவிரலை விட மெல்லியது என்று சுற்றி வந்து சொன்னார். தெரியாத சொல்லை இப்படிச் சுற்றிச் சொல்வதற்குத் தனியே புள்ளி உண்டு. அது பாடமாக்கி வராத திறமை. நிகழ்காலம் ரெண்டு இடத்தில் வழுக்கியது. ஒரு வசனம் பாதியில் விடுபட்டது. அந்த மெசின் சத்தம் போட்டால் நல்லது, சத்தம் நின்று பிள்ளையும் அழாவிட்டால்தான் பயம் என்று சொல்லி முடித்தார். இரண்டு நிமிட மணியை அடிக்க நான் மறந்துபோனேன்.

"எத்தின?" என்றார்.

சரளம் ஆறு. சொல்வளம் ஏழு. இலக்கணம் ஆறு. உச்சரிப்பு ஏழு. கூட்டினால் இருபத்தாறு. நாலால் பிரிக்க ஆறரை. எனக்கு இதற்குத் தாளே தேவையில்லை. முன்பெல்லாம் ஆட்களுக்குத் தைரியம் வரட்டும் என்று அரை கூட்டிச் சொல்வேன்.

"ஆறரை," என்றேன்.

அவர் தலையாட்டினார். முகத்தில் மாற்றம் ஒன்றும் இல்லை. பை வாரை விரலில் சுற்றி, அவிழ்த்து, திரும்பச் சுற்றினார்.

"டியூட்டோட நான் எத்தின எடுப்பன் எண்டு நினைச்சாய்?"

"எட்டு."

"ரெண்டு நாள்ல அரை ஏறுமா?"

இதற்கு விளக்கம் ஒன்று என்னிடம் இருந்தது. பரீட்சகருக்குப் பரீட்சகர் சின்ன வித்தியாசம் வரும், நல்ல காட் வந்தால் ஏறும், பதற்றத்தில் இறங்கவும் கூடும் என்று பத்து நிமிடம் பேசியிருக்கலாம்.

"தெரியா ராத்தா."

"சரி," என்றார். "நாளைக்கு ராவைக்கு பஸ்."

படியில் அவர் இறங்குகிற சத்தம் கேட்டது. பாதியில் நின்று, கீழே கடைக்காரரிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார்; அவர் விளங்காமல் "என்ன ராத்தா?" என்று கேட்க, இன்னும் மெதுவாக, வேறு ஆங்கிலச் சொற்களில், அதையே திரும்பக் கேட்டார்.