நூற்றுப் பத்து நாள் ஜூன்

அந்த வருடம் மொழிபெயர்ப்பாளரின் வீட்டில் மட்டும் ஜூன் மாதம் நூற்றுப் பத்து நாள் நீடித்தது. தெருவில் ஜூலையும் ஆகஸ்டும் வந்து போயின. மூன்றாம் மாடியில் அவளுடைய அறையில் தினமும் முப்பதாம் தேதியே விடிந்தது. கைபேசிகூட வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் முப்பது என்றே காட்டியது. காரணம் ஊரறிந்தது. தண்ணீர் மோட்டார் கம்பெனி கையேட்டை மொழிபெயர்த்து வாங்கிக்கொண்டு பணம் அனுப்பவில்லை. சம்பளக்காரர்களுக்கு மாதம் தானாக முடியும். அவளுக்குப் பணம் வந்தால்தான் முடியும். செப்டம்பர் நடுவில் பணம் வந்தது, வீடும் ஒரே தாவில் வெளித்தேதியைப் பிடித்துக்கொண்டது. நடுவில் போனது போனதுதான். அத்தனை நாளும் அவளுக்கு ஒரே நீண்ட பகலாகத்தான் நினைவிருந்தது, நகம்கூட வளரவில்லை. வாடகைக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. வீட்டுக்காரர் ஜூலையிலேயே உள்ளே வந்து தேதியைப் பார்த்து, “உங்க கணக்குல இன்னும் ஒண்ணாம் தேதி ஆகலைதான். ஆனா என் வாசல்ல ஆயிடுச்சே” என்றார். அவள் பாத்திரம் வைக்கும் அலமாரியை விற்றுக் கொடுத்தாள்.

சலவை இயந்திரம், மோட்டார், அடுப்பு எல்லாவற்றுக்கும் அவள் கையேடு எழுதினாள். ‘தனியாகத் தூக்க வேண்டாம், இன்னொருவர் துணை தேவை’ என்பதை வருடத்துக்கு நாற்பது தடவையாவது எழுதியிருப்பாள். அவளுக்குத் துணை என்று சொல்லிக்கொள்ள இருந்தது, நகரத்தின் மறுகோடியில் இரண்டு வயது இளைய தங்கை. பிறந்த வீட்டில் இவள் பெரியவள், அவள் சின்னவள். சின்னவளுக்குக் குடிநீர் அலுவலகத்தில் வேலை. கடைசி வேலைநாளில் டாண் என்று சம்பளம். அவள் போனில் பேசும்போது பின்னால் கைக்குழந்தை அழுதது. பெரியவளுக்குப் பத்துப் பன்னிரண்டு மாதம் இப்படி இழுத்துக்கொண்டு முடிவதற்குள் அதே குழந்தை வாய்ப்பாடு ஒப்பித்தது. பிறகொரு நாள் சத்தமே இல்லை. எங்கே என்று கேட்டதற்கு, கல்லூரி விடுதியில் என்றாள் சின்னவள்.

பதினெட்டு வருடம் போயிற்று. அதில் பெரியவள் வாழ்ந்தது பதினொன்று. சின்னவளின் முழங்காலைக் காட்டப் போன இடத்தில் நர்ஸ் பெரியவளிடம், “உங்க அக்காவை உள்ள கூட்டிட்டு வாங்க” என்றாள். இருவரும் சிரித்தார்கள். திரும்பும்போது ஆட்டோவில் சின்னவள் சிரிக்கவில்லை. “நீ ஒரு மாசத்தை முடிக்கறதுக்குள்ள எனக்கு ஒரு பல்லு போயிடுது. எனக்கு முன்னால பொறந்தவ, எனக்கப்புறம் ஒத்தையில கெடக்கப் போறியா அக்கா?”

மறுநாள் பெரியவள் வங்கிக்குப் போய் இன்னொரு கணக்குத் திறந்தாள். வரும் கூலியெல்லாம் இனி அதில்தான் விழும். வரிக்கு உரியதை வந்த அன்றே ஒதுக்கிவிடுவாள். மூன்று வருட வரவைப் புரட்டி, அதில் மிகவும் மெலிந்த மாதத்தின் தொகையைத் தன் சம்பளம் என்று வைத்துக்கொண்டாள். பாதிப் பணம் முன்னால் தராதவர்களுக்கு வேலை இல்லை என்று எழுதினாள். மோட்டார் கம்பெனியைக் கைகழுவினாள். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி, ஆறு மாதச் சம்பளம் சேர்வதற்குள் வெளியே இரண்டரை வருடம் ஓடியிருந்தது.

அந்த நவம்பரில் புது வேலையும் வரவில்லை, பழைய பாக்கியும் வரவில்லை. முப்பதாம் தேதி பிற்பகல் அவள் முதல் தடவையாக ஒரு கணக்கிலிருந்து மற்றதற்குப் பணத்தை மாற்றி, விவரம் என்ற இடத்தில் ‘சம்பளம்’ என்று எழுதினாள். தன் கையால் தனக்கே போட்டுக்கொள்வதை வீடு ஒப்புக்கொள்ளுமா என்று தெரியவில்லை. கேட்க ஆளும் இல்லை. கைபேசியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்துவிட்டாள்.

காலையில் கைபேசி ஒன்று என்று காட்டியது. வெகுநேரம் அதையே பார்த்திருந்துவிட்டுத் தங்கையைக் கூப்பிட்டாள்.

“இங்க இன்னைக்கு ஒண்ணாம் தேதி.”

“எனக்கும் அதேதான்” என்றாள் சின்னவள்.

தொலைந்த வருடங்கள் திரும்பவில்லை. இருவரும் அவற்றைக் கேட்டு எங்கும் போகவுமில்லை. அடுத்த ஞாயிறு சின்னவள் வந்தாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றவளுக்குப் பெரியவள் இறங்கி வந்து கை கொடுத்து, “பாத்து வா அக்கா” என்றாள்.

சின்னவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். “மெதுவாப் போடி” என்றாள்.