தொட்டிக்குக் கீழே

அந்த வருடம் மார்ச் முடிவதற்குள்ளேயே குதிரைலாயம் காலனியின் போர்வெல்கள் காற்றை இறைக்கத் தொடங்கிவிட்டன. தொம்மலூருக்குப் பின்னால், ஒரு காலத்தில் பட்டாளத்துக் குதிரைகளைக் கட்டிவைத்த இடத்தில் எழுந்த காலனி அது. பட்டாளமும் போய்விட்டது, குதிரைகளும் போய்விட்டன. இப்போது அங்கே இருந்தவர்கள் ஆபீஸ்களைப் பெருக்குகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், இந்திராநகர் வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவர்கள்.

அவர்களுக்கெல்லாம் செய்தித்தாள் வனஜாவின் குரல்தான். அங்கன்வாடி டீச்சரான அவள் காலையில் வேலைக்குப் போகிற வழியில் காலனிச் சங்கக் கட்டடத்தைத் திறந்து மைக்கை இரண்டு தட்டுத் தட்டுவாள். இன்று எந்த நேரத்துக்குக் கரண்ட் போகும், சொட்டு மருந்து எங்கே போடுகிறார்கள், இலவசக் கண் பரிசோதனை என்றைக்கு என்று முதலில் தமிழிலும் பிறகு கன்னடத்திலும் சொல்வாள். அவள் சொன்னால் நடக்கும் என்ற நம்பிக்கை காலனியில் எல்லாருக்கும் இருந்தது.

அதனால்தான் ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், "திங்கட்கிழமையிலிருந்து நம்ம பழைய டேங்குல தண்ணி ஏத்தி விடப் போறாங்க" என்று அவள் அறிவித்தபோது, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் தெருவுக்கு வந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

அந்த மேல்நிலைத் தொட்டி விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் தடித்த தூண்கள் மேல் நின்றது. பல வருடங்களாக அதில் புறாக்கள்தான் குடியிருந்தன. வெளியூரிலிருந்து லாரியில் வரும் தண்ணீரைத் தரைத்தொட்டியில் இறக்கி, மோட்டார் போட்டு மேலே ஏற்றி, தூண்களின் அடியில் புதிதாக வைத்த குழாய்களில் விடுவது என்று ஏற்பாடு. மைதானத்தில் நிழல் என்று இருந்ததும் அந்தத் தொட்டிக்கு அடியில்தான். பெண்கள் அங்கே குடங்களை வரிசை போட்டுவிட்டு உட்கார்ந்து பேசினார்கள். நோயல் மாஸ்டர் கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுத்தார். அவர்களும் ஆட்டம் முடிந்து அங்கேதான் வந்து சாய்ந்தார்கள். வனஜாவின் மகள் ரூபினியும் அவர்களில் ஒருத்தி.

முதல் நாள் தண்ணீர் ஏறியபோதே புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. மைதானத்துக்கு மேல் சுற்றிவிட்டு எங்கோ போயின. திரும்ப வரவே இல்லை. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சில நாள் கழித்து ரூபினி சாப்பிடும்போது சொன்னாள்:

"அம்மா, டேங்கு முனகுதும்மா."

"டேங்கு எங்கடி முனகும்?"

"நெஜமாம்மா. தூண்ல காத வச்சா கேக்கும். நாங்க எல்லாரும் வச்சுக் கேட்டோம்."

மறுநாள் மத்தியானம் வனஜா போய்த் தூணில் காதை வைத்தாள். வெயிலில் சுட்டது. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, வெகு உள்ளே, யாரோ கனமான மரப்பெட்டியைத் தரையில் மெல்ல இழுப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. கொஞ்சம் நின்று, மறுபடி இழுத்தது. அண்ணாந்து பார்த்தாள். தூணும் தொட்டியும் சேரும் இடத்தில் கை நீளத்துக்கு ஒரு விரிசல் ஓடியது. அதைச் சுற்றிச் சுவர் நனைந்து கறுத்திருந்தது.

அவள் வார்டு ஆபீஸுக்குப் போய் இன்ஜினியர் மஞ்சுநாத்தைக் கையோடு அழைத்துவந்தாள். அவர் கெட்டவர் இல்லை. ஏணி போட்டு ஏறித் தட்டிப் பார்த்தார். சிமெண்ட் பூசச் சொன்னார், மேலே சுண்ணாம்பும் அடிக்கச் சொன்னார்.

"சும்னே பயப்படாதீங்க மேடம். பழைய கட்டடம். வெயில்ல கொஞ்சம் சத்தம் வரும். பாதிக்கு மேல தண்ணி ஏத்த வேணாம், அஷ்டே, அவ்ளோதான்" என்றார்.

வனஜாவுக்கு மூச்சு வந்தது. பாதித் தொட்டிதான் ஏற்றுவார்கள், எல்லாரும் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று மைக்கில் சொன்னாள். ஆனால் பாதித் தொட்டி பாதி வரிசைக்குத்தான் போதும். வரிசையின் வாலில் நின்றவர்கள் வெறுங்குடத்தோடு திரும்பினார்கள். மே பிறந்ததும் வெயில் இன்னும் ஏறியது. தொட்டியை ஒட்டின முதல் வீட்டுக்காரி சுப்புலக்ஷ்மி ஒரு காலையில் பெண்களைத் திரட்டிக்கொண்டு, தண்ணீர் விடும் அசோகனைச் சூழ்ந்துகொண்டாள்.

"ஏன்யா, டேங்கு இருக்கறது எதுக்கு? ரொப்பறதுக்குத்தான? அந்த இன்ஜினியர் வூட்ல ரெண்டு பாத்ரூம்ல தண்ணி வருது. நமக்குப் பாதி டேங்கா?"

அசோகன் அன்றைக்கே தொட்டியை நிரப்பிவிட்டான். வனஜா கேட்டபோது தலையைச் சொறிந்தான்.

"நான் இன்னாக்கா பண்றது? வுட மாட்டேன்னு சொன்னா அடிச்சுடுவாங்க போல இருக்குது."

அதன் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்கத் தூணில் காதை வைக்கத் தேவையில்லாமல் போயிற்று. உச்சி வெயிலில் குழாயடியில் பேசிக்கொண்டிருப்பவர்கள் நடுவில் பேச்சை நிறுத்திவிட்டு, பிறகு குரலை உயர்த்திப் பேசினார்கள். வனஜா இரண்டு முறை எச்சரித்தாள். இரண்டு முறையும், "டீச்சரம்மாவுக்கு வூட்ல சம்ப் தொட்டி இருக்குது, பேசறாங்க" என்று சிரித்தார்கள்.

ஒரு சனிக்கிழமை, அங்கன்வாடியைப் பூட்டிவிட்டு மைதானத்தின் வழியாக வந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மஞ்சுநாத் பூசச் சொன்ன சிமெண்ட் பூச்சு பெயர்ந்து தரையில் உடைந்து கிடந்தது. அது இருந்த இடத்தில் விரிசல் இப்போது கை நுழையும் அகலத்துக்கு வாய் திறந்திருந்தது. அதன் வழியாகத் துருவேறிய தண்ணீர் தூணின் மேல் வழிந்தது. இழுக்கும் சத்தம் இப்போது நடுவில் நிற்கவில்லை, தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. அடியில் முப்பது நாற்பது பெண்கள். அவர்களுக்குப் பின்னால் தூணில் சாய்ந்து பிள்ளைகள்.

"எழுந்து வாங்க! எல்லாரும் வெளிய வாங்க, விழப் போகுது!"

சுப்புலக்ஷ்மி குடத்தின் மேல் உட்கார்ந்தபடியே திரும்பிப் பார்த்தாள். "போன வாரமும் இதேதான சொன்ன? நாங்க எழுந்து போனா அந்தாண்ட லைன் வூட்டுக்காரிங்க வந்து புடிச்சுக்கவா?"

யாரும் நகரவில்லை. எழுந்தால் இடம் போய்விடும். நோயல் மட்டும் அவள் முகத்தைப் பார்த்தார். விசிலை ஊதி, மைதானத்தின் அந்தக் கோடிக்கு ஓடச் சொல்லிப் பிள்ளைகளை விரட்டினார். ரூபினி ஓடுவதைப் பார்த்த பிறகுதான் வனஜாவுக்குக் கால் நகர்ந்தது.

அவள் சங்கக் கட்டடத்துக்கு ஓடினாள். மைக்கைத் தட்டவில்லை.

"மெயின் ரோட்ல பிள்ளையார் கோயில் முன்னால காவேரித் தண்ணி லாரி வந்து நிக்குது. முதல்ல வர்றவங்களுக்குத்தான். சீக்கிரம் போங்க."

அந்த மைக்கில் அவள் பொய் சொன்னது அதுவே முதல் தடவை. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வரிசை உடைந்தது. குடங்கள் ஒன்றோடொன்று மோத, பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு மெயின் ரோட்டைப் பார்த்து ஓடினார்கள். சுப்புலக்ஷ்மிதான் எல்லாருக்கும் முன்னால்.

அவள் திரும்ப ஓடிவந்தபோது தொட்டிக்கு அடியில் அசோகன் மட்டும் நின்றிருந்தான்.

"அசோகா, கழுவி விடறதுக்கு அடியில ஒரு வால்வு இருக்குதே, அதத் திற. மொத்தத் தண்ணியும் போகட்டும்."

"ஐயோ, வேலையே போயிடும்கா. இந்த வெயில்ல இவ்ளோ தண்ணிய மண்ணுல வுட்டா..."

"நான் திறந்தேன்னு சொல்லு."

வனஜா குனிந்து தூண்களுக்கு நடுவே போனாள். உள்ளே நிழல் குளிர்ச்சியாக இருந்தது. தலையில் பொடி விழுந்தது. மேலே பார்க்கக் கூடாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டு வால்வின் சக்கரத்தைப் பிடித்துத் திருகினாள். அது அசையவில்லை. உள்ளங்கை கிழிந்தது. மேலேயிருந்து சின்னக் கல் ஒன்று விழுந்து அவள் தோளில் பட்டுத் தெறித்தது. அப்போது பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கை வந்து சக்கரத்தைப் பிடித்தது. அசோகன் அழுதுகொண்டிருந்தான். இருவரும் சேர்ந்து இழுக்க, சக்கரம் கிறீச்சிட்டுத் திரும்பியது. தண்ணீர் சீறிக்கொண்டு மைதானத்தில் பாய்ந்தது. இருவரும் ஓடினார்கள்.

லாரி இல்லாத ரோட்டிலிருந்து பெண்கள் திரும்பி வந்தபோது, கணுக்கால் அளவு தண்ணீர் செம்மண்ணோடு கலந்து சாக்கடையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. சிலர் குனிந்து அந்தச் சேற்றுத் தண்ணீரைக் கையால் அள்ளினார்கள். சுப்புலக்ஷ்மி நேராக வனஜாவிடம் வந்து கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

"எங்கடி விழுந்துது? காட்டு. எங்க விழுந்துது?"

தொட்டி நின்றுகொண்டிருந்தது.

அன்று மாலையே சங்கத்துச் சாவியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். பொதுத் தண்ணீரைப் பாழடித்ததாக வார்டு ஆபீஸுக்குப் புகார் போனது. அதை விசாரிக்கத்தான் திங்கட்கிழமை மஞ்சுநாத் வந்தார். தொட்டியை மறுபடி பூசி நிரப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு ஆளையும் கூட்டிவந்தார். அந்த ஆள் ஏணியில் ஏறி, புதுப் பூச்சு பிடிப்பதற்காக உளியை வைத்து ஒரே ஒரு அடி அடித்தான். ஒரு கதவின் அளவுக்குக் கான்கிரீட் பெயர்ந்து அவனை உரசிக்கொண்டு கீழே விழுந்தது. உள்ளே தெரிந்த கம்பிகள் ஊதுபத்திக் குச்சி போல மெலிந்திருந்தன.

மஞ்சுநாத் தொட்டியைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்தார். கோல் போஸ்ட் முதுகில் இடித்த பிறகுதான் நின்றார். "தேவரே" என்று கடவுளை மட்டும் கூப்பிட்டார்.

யாரும் கிட்டே போகாதபடி தொட்டியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். இடிக்க மேலிடத்து உத்தரவு வேண்டும், மழைக்கு முன் வந்துவிடும் என்றார்கள். சாவி வனஜாவிடம் திரும்பி வந்தது. அசோகன் கையில்தான் கொடுத்தனுப்பினார்கள், யாரும் நேரில் வரவில்லை. இப்போது மெயின் ரோட்டில் நிஜமாகவே லாரி வந்தது. பெண்கள் அத்தனை தூரம் குடம் சுமந்தார்கள். வனஜாவைத் தாண்டிப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தண்ணீர் இல்லாமல் போனதும் அவளால்தான், உயிரோடு இருப்பதும் அவளால்தான். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள அவர்களுக்குத் தெரியவில்லை.

தண்ணீர் இல்லாத தொட்டியும் முனகியது. சில நாட்களுக்கு ஒருமுறை கயிறு கொஞ்சம் தள்ளிக் கட்டப்பட்டிருந்தது. யார் தள்ளிக் கட்டினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் கயிற்றுக்குள்ளே சுப்புலக்ஷ்மியின் வீடும் பக்கத்தில் நாலைந்து வீடுகளும் வந்துவிட்டன. அந்த வீட்டுக்காரர்கள் கயிற்றைத் தூக்கிக் குனிந்து நுழைந்து, சமைத்து, தூங்கினார்கள். போக வேறு இடம் ஏது?

ஒரு சாயங்காலம், கரண்ட் போன நேரம், சுப்புலக்ஷ்மி பாயும் தலையணையும் இரண்டு பிள்ளைகளுமாக வனஜாவின் வாசலில் வந்து நின்றாள்.

"சத்தம் நின்னுடுச்சு வனஜா" என்றாள். "காலைலேர்ந்து கேக்கல. முனகறப்ப கூட எனக்குத் தூக்கம் வந்துச்சு. இப்ப அது சும்மா நிக்குது. எனக்கு என்னமோ மாதிரி இருக்குது."

வனஜா பிள்ளைகளை உள்ளே இழுத்துவிட்டு, "மத்தவங்க?" என்றாள்.

"உள்ளதான் இருக்காங்க. சமையல் நேரம்."

கரண்ட் இல்லை, மைக்கும் இல்லை. இருவரும் ஓடினார்கள். கயிற்றைத் தாண்டி, வனஜா ஒரு பக்கமும் சுப்புலக்ஷ்மி ஒரு பக்கமுமாகக் கதவுகளை அறைந்தார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஸ்டவ்வை அணைத்துவிட்டு, குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மறுபேச்சு இல்லாமல் இறங்கினார்கள். நடக்க முடியாத ஒரு கிழவரை அசோகன் முதுகில் சுமந்து வந்தான். மைதானத்தின் அந்தக் கோடியில் எல்லாரும் நின்று திரும்பிப் பார்த்தார்கள். மங்கிய வானத்தில் தொட்டி எப்போதும்போல நின்றது.

"இன்னும் எவ்ளோ நேரம் இப்படி நிக்கறது?" என்று யாரோ கேட்டார்கள்.

அப்போது ஒரு தூண் மடங்கியது. முழங்கால் மடிவதுபோல, அவசரமே இல்லாமல். தொட்டி பக்கவாட்டில் சாய்ந்து சுப்புலக்ஷ்மியின் கூரை மேல் இறங்கியது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. தரை காலுக்கடியில் குதித்தது. புழுதி மைதானத்தை மூடியது, பக்கத்தில் நின்ற ஆளின் முகம் தெரியவில்லை.

"எல்லாரும் இருக்கோமா?" என்று வனஜா கேட்க நினைத்தாள். தொண்டையில் மண். குரல் எழும்பவில்லை. இருட்டில் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்ட சுப்புலக்ஷ்மிதான், இருமிக்கொண்டே, ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் புழுதிக்குள்ளிருந்து ஒரு பதில் வந்தது. அசோகனின் பெயருக்கு மட்டும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாம் முறை கூப்பிட்ட பிறகு, கிழவரை இறக்கி வைத்த இடத்திலிருந்து, அவன் குரல் கம்மி வந்தது.

"இங்க இருக்கேன்க்கா."

சுப்புலக்ஷ்மி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வனஜாவின் கையை அவள் விடவில்லை. அன்றைக்கு வால்வில் கிழிந்து இன்னும் ஆறாத உள்ளங்கை எரிந்தது. வனஜாவும் விடுவித்துக்கொள்ளவில்லை.