ஆர்வல் ஸ்டாம்பரின் இருநூற்று ஐம்பதாவது வேலை நாள்

1961 மார்ச் பதினான்காம் தேதி பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு யுரேனிய ஆலையின் மூன்றாம் கூடத்தில் வெடித்த உலை, அதன்பின் ஒவ்வொரு மார்ச் பதினான்காம் தேதியும் அதே இரண்டு நாற்பதுக்கு ஆர்வல் ஸ்டாம்பரின் சமையலறையில் வெடித்தது. ஒரு வருஷமும் தவறவில்லை, நேரமும் பிசகவில்லை. ஓஹையோவின் தென்கோடியில் இருக்கும் ஸ்லேட் ஃபோர்க் என்ற எங்கள் ஊரில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, ஏனென்றால் காரணம் எல்லோருக்கும் தெரியும். வெடித்த அன்று மாலையே ஆலைக்காரர்கள் விபத்து ஏட்டில், லோனி ரஸ்க் ஏணியிலிருந்து விழுந்து இறந்தார் என்றும், ஆர்வல் ஸ்டாம்பருக்குத் தம் வீட்டுச் சமையலறையில் தீக்காயம் பட்டது என்றும் எழுதிவிட்டார்கள். அணுகுண்டுக்கு உலோகம் உருக்கும் இடத்தில் உலை வெடித்தது என்று எழுதினால் ரஷ்யாக்காரன் காதுக்குப் போய்விடுமாம். உலை என்ன செய்யும்? ஏட்டில் எழுதியபடி நடந்துகொண்டது.

ஆர்வலும் லோனியும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த கூட்டாளிகள். உடம்பில் எவ்வளவு கதிர் ஏறியது என்று காட்டும் சின்னத் தகடு ஒன்றை ஆலையில் ஒவ்வொருவருக்கும் சட்டையில் குத்திக்கொள்ளக் கொடுத்திருந்தார்கள். அளவு மீறினால் உலைக்கூடத்திலிருந்து எடுத்து வாசல் கூட்டப் போட்டுவிடுவார்கள், கூலி பாதியாகிவிடும். அதனால் கூடத்துக்குள் நுழையும் முன் எல்லோரும் தகட்டைக் கழற்றி வெளியே ஓர் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போவார்கள். யாரும் வற்புறுத்தவில்லை. அவரவர் கையால் அவரவரே மாட்டியது. மாதக் கடைசியில் எல்லோருடைய தகடும் பச்சைப் பிள்ளையைப் போலச் சுத்தமாக இருக்கும். தங்களுக்குத் தாங்களே குழி வெட்டிக்கொண்டார்கள் என்று இன்று சுலபமாகச் சொல்லிவிடலாம், அன்று எங்களில் யாரும் சொல்லவில்லை.

வெடித்த அன்று இருவருக்கும் இருநூற்றெட்டாவது வேலை நாள். குளிர்நீர்க் குழாய் ஒழுகி, உருகிக் கிடந்த உலோகத்தில் தண்ணீர் இறங்கியது. லோனியின் தாடை உத்தரத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு கையை மறுநாள்தான் கண்டுபிடித்தார்கள். ஆர்வலுக்கு முதுகுத் தோல் முழுவதும் உரிந்து, இடது காது போய்விட்டது. ஒரு மாதம் கட்டிலில் கிடந்து எழுந்து வந்தவனை ஆலை வேலையிலிருந்து நீக்கி வீட்டுக்கு அனுப்பியது. அந்த இலையுதிர் காலத்தில் அவன் ஐடாவைச் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டான். காதில்லாதவனிடம் ரகசியம் பேச வசதி என்று அவளை ஊரே கேலி செய்தது.

அடுத்த மார்ச்சில் ஐடா கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள் ஆலைச் சங்கு ஊதியது. சமையலறையின் தரை சாம்பல்நிறக் காங்கிரீட்டாக மாறியது. நிலவறைக் கதவைத் திறந்துகொண்டு லோனி ரஸ்க் ஏறி வந்தான்.

“டேய் ஆர்வல், இந்தக் குழா ஒழுகுதுடா. ஃபோர்மேன்கிட்ட சொன்னியா இல்லியா?”

“சொல்லிட்டேன்டா. சாயந்தரம் பாத்துக்கலாம்னுட்டாரு.”

பதில் ஆர்வலின் வாயிலிருந்து தானாகவே வந்தது. அதோடு கூரை போனது. லோனி மறுபடி துண்டு துண்டானான். ஆர்வலுக்கு மூன்று விலா எலும்புகள் முறிந்தன. கால்மணி நேரத்தில் காங்கிரீட்டும் ரத்தமும் லோனியும் மறைந்துபோக, இடிந்த சுவர்களும் முறிந்த எலும்புகளும் சாம்பல்நிறத் தூசும் மட்டும் மிஞ்சின.

பிறகு அது பழகிவிட்டது. ஆர்வல் சமையலறையைத் தடித்த சுவரில் கட்டி, சுலபமாகப் பறந்துபோகிற மாதிரி தகரக் கூரை போட்டான். 1966இல் ஜெபம் பண்ணி நிறுத்துகிறேன் என்று உள்ளே போன பாதிரியார் மூன்று விரல்களை இழந்தார். 1969இல் தபால்காரரின் கண் போனது, அடுத்த வருஷம் பக்கத்து வீட்டு வேட்டைநாய். 1974இல் மட்டும் ஆர்வல் தாங்கமுடியாமல் ஐடாவையும் அழைத்துக்கொண்டு மிஷிகனில் இருந்த அக்கா வீட்டுக்கு ஓடிவிட்டான். திரும்பி வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர், “உன் சிநேகிதன் மூணு தரம் உன்னைக் கூப்பிட்டாம்பா. பதில் வருமான்னு அப்படியே நின்னுக்கிட்டிருந்தான், அப்புறந்தான் வெடிச்சுது” என்றார். ஆர்வல் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதன்பின் அவன் ஒரு வருஷமும் ஊரைவிட்டுப் போகவில்லை.

அணுகுண்டு ஆலைகளில் வேலை பார்த்து நோயில் விழுந்தவர்களுக்கு நஷ்டஈடு உண்டு என்று அரசாங்கம் சட்டம் போட்டபோது ஆர்வலின் நுரையீரலில் புற்று வேரோடியிருந்தது. சிகரெட்தான் காரணம் என்று ஆலை வைத்தியர் எழுதியிருந்தார். ஆர்வல் ஆயுளில் ஒரு சிகரெட்கூடத் தொட்டதில்லை. தன்னைக் கொல்வது ஆலைதான் என்று அரசாங்கம் முத்திரை வைத்து எழுதிக்கொடுக்க வேண்டும், சாவதற்குள் அதைப் படித்துவிட வேண்டும். அவனுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். மனு போட்டான். தகட்டின் அளவு பூஜ்யம், ஆகவே கதிர்க் கணக்குப்படி தகுதியில்லை என்று பதில் வந்தது. இன்னொரு வழி இருந்தது. இருநூற்று ஐம்பது நாள் ஆலையில் வேலை செய்தவர் என்றால் தகடு பார்க்கமாட்டார்கள். ஆர்வலுக்கு இருந்ததோ இருநூற்றெட்டு. செத்துப்போன அப்பன் பெயரில் மனு போட்டிருந்த லோனியின் மகளும் அதே இருநூற்றெட்டோடுதான் நின்றாள்.

மனுவை விசாரிக்க 2003 மார்ச் பதினான்காம் தேதி திருமதி டாக்கெட் என்ற அதிகாரி வந்தார். தேதியை ஐடாதான் கேட்டு வாங்கியிருந்தாள். தள்ளி நில்லுங்கள் என்று சொன்னதைக் கேட்காமல் அந்த அம்மாள் சமையலறை வாசலிலேயே கோப்போடு நின்றார். வெடித்ததில் மூன்று பற்களும் ஒரு செவிப்பறையும் போயின. கொல்லையில் போய் விழுந்தவர் எழுந்து, ரத்தத்தைத் துப்பி, அலுவலக விதிப்படி தம் சட்டையில் குத்தியிருந்த கதிர்த் தகட்டைப் பார்த்தார். அது கரியாகக் கறுத்திருந்தது. பிறகு புல்லில் உட்கார்ந்து கோப்பைப் பிரித்தார்.

“சம்பவம் நடந்த இடம் இந்தச் சமையலறைதான்னு ஆலையே ஏட்டுல எழுதியிருக்கு. அப்போ இது வேலை நடக்கிற இடம். எத்தனை தடவை ஆச்சு?”

“இதோட நாப்பத்திரெண்டு” என்றாள் ஐடா.

“ரஸ்க் நாப்பத்திரெண்டு தடவையும் ஆஜர். ஆக இருநூத்தி அம்பது. அவருக்குத் தகுதி உண்டு. உங்க வீட்டுக்காரர் எழுபத்தி நாலுல வரலையே.”

“ஒரே ஒரு நாளும்மா!”

“ஒரு நாள்னாலும் குறைவு குறைவுதாங்க. நான் சட்டத்தை எழுதலை.”

இடிபாட்டுக்குள் புரண்டுகிடந்த ஆர்வல் சிரித்தான். சிரித்தபோது முறிந்த எலும்பு குத்தி வாயில் ரத்தம் வந்தது. “பாத்தியா ஐடா, செத்தும் அவன் ஒரு நாள் லீவு போடலை. சோம்பேறிப் பய நாந்தான்.”

இன்னும் ஒரு மார்ச் பதினான்கு. வைத்தியர்கள் கிறிஸ்துமஸ் வரைக்கும் தாங்குமா என்றே சந்தேகப்பட்டார்கள். ஐடா அவனைக் கட்டாயப்படுத்திச் சாப்பிட வைத்தாள், வாயைத் திறக்காவிட்டால் கன்னத்தில் அறைந்தாள். ஒருநாள் கோபத்தில் கரண்டியை வீசியதில் அவன் புருவம் கிழிந்தது. “மார்ச் வரைக்கும் இருந்து தொலைடா” என்று கத்திவிட்டு அவன் காலடியில் விழுந்து அழுதாள். அவன் பிப்ரவரி இருபதாம் தேதி வரைக்கும் இருந்தான். இருபத்து மூன்று நாள் குறைவு. ஐடா திருமதி டாக்கெட்டைத் தொலைபேசியில் அழைத்து, மனுவை மூடிவிடுங்கள் என்றாள். “பதினாலாந்தேதி நான் வர்றேம்மா. அது ஞாயித்துக்கிழமை, எனக்கு லீவுதான். ஆனாலும் வர்றேன்” என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை சங்கு ஊதியது. நிலவறையிலிருந்து லோனி வந்தான். அவன் பின்னால் ஆர்வலும் வந்தான். வயது இருபத்தாறு, தலை நிறைய மயிர், இரண்டு காதும் இருந்தன. லோனி கேட்டான், ஆர்வல் பதில் சொன்னான், இருவரும் கிழிந்து சுவரில் தெறித்தார்கள். இந்தத் தடவை ஆர்வலும் பிழைக்கவில்லை. கொல்லை மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற ஐடா, புருஷன் சிதறுவதைக் கண்ணைத் திறந்தே பார்த்தாள். திருமதி டாக்கெட் மணியைப் பார்த்து, ஆர்வல் ஸ்டாம்பர் பணிக்கு ஆஜர், நாள் இருநூற்று ஐம்பது என்று எழுதினார். ஜூனில் முத்திரையோடு கடிதம் வந்தது. நோய்க்கு ஆலையே காரணம் என்றும், மனுதாரருக்குத் தகுதி உண்டு என்றும் அதில் இருந்தது. ஐடா அதைக் கல்லறைக்குக் கொண்டுபோய் உரக்கப் படித்தாள்.

நாள் கணக்கு முடிந்துவிட்டதால் இனி வரமாட்டார்கள் என்று நாங்கள் நினைத்தோம். 2005இலும் இருவரும் வந்தார்கள், சிதறினார்கள். அதற்கு அடுத்த வருஷம் ஐடாவால் பொறுக்க முடியவில்லை. எழுபது வயதுக்காரி, சங்கு ஊதியதும் சமையலறைக்குள் புகுந்து ஆர்வலின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“போதும் ஆர்வல். கடுதாசி வந்துடுச்சு. இனிமே வேலைக்கு வராதே.”

அவன் அவளை முன்பின் பார்த்திராதவனைப் போலப் பார்த்தான். அவன் இருந்த 1961 மார்ச்சில் அவளை அவனுக்குத் தெரியாது.

“யாரும்மா நீங்க? யார் உங்களை உள்ளே விட்டது? இங்கெல்லாம் நிக்கக்கூடாதும்மா, போயிடுங்க” என்றான். அவள் பிடியை விடவில்லை. அவன் குழாயைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், இரண்டு கையாலும் பலம்கொண்டமட்டும் அவளைப் பிடித்துத் தள்ளினான். அவள் கதவோடு பெயர்ந்து கொல்லையில் போய் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. தலைக்குமேல் தகரக் கூரை பறந்துபோனது.

நாங்கள் ஓடிப்போய்த் தூக்கினோம். ஐடாவின் முகம் கல்யாணப் பெண்ணுடையதைப் போலச் சிவந்திருந்தது. இப்போதும் ஒவ்வொரு மார்ச் பதினான்காம் தேதியும் அவள் இரண்டரைக்கே தலைவாரி, நல்ல கவுன் ஒன்றை உடுத்திக்கொண்டு சமையலறைக்குப் போகிறாள். அவன் தள்ளிவிட்டு அவள் விழுகிற இடத்தில் நாங்கள் முன்கூட்டியே வைக்கோல் பரப்பி வைக்கிறோம்.