இரண்டு மலைகளும் ஓர் அக்காவும்

பனிச்சறுக்குக்குப் போக, பிஷ்கெக் நகரத்தில் இருந்த தாலாய்க்குக் கிடைத்தது மூன்றே நாள் விடுமுறை. கரகோல் மலையில்தான் பனி நன்றாக இருக்கும். ஆனால் அந்த ஊரில்தான் அவனுடைய அக்கா புருல்சாவும் இருந்தாள்.

"போன வருஷம் என்ன ஆச்சு? விருந்துன்னு அக்கா ஒரு ஆடு வெட்டினா, பெரியப்பா ஒண்ணு, சித்தப்பா ஒண்ணு; எல்லா நாளும் தின்னே தீந்துச்சு. சறுக்குக் கட்டையக் காரை விட்டு இறக்கவே இல்ல! இந்தத் தடவை பிஷ்கெக் பக்கத்து மலைக்கே போயிடுவோம். அக்காவுக்குத் தெரியவே வேண்டாம்" என்று பொரிந்தான்.

மனைவி அய்ஜமாலுக்குச் சுருக்கென்றது. "கூடப் பொறந்தவங்ககிட்ட இப்படியா மறைப்பீங்க? ஆண்டவனுக்கே பொறுக்காது. இதை அவங்ககிட்டயே சொல்லுங்க!" என்று போனை அவன் கையில் திணித்தாள்.

கோபம் தணியாமலே அவன் அக்காவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினான்.

"என் வீட்டுச் சாப்பாடு உனக்குத் தண்டனையாடா?" என்று அக்கா கத்தினாள். "தம்பி வந்தும் நான் ஆடு வெட்டலைன்னா ஊரே என்னைக் காறித் துப்பாதா?"

பிறகு அவள் குரல் இறங்கியது.

"சரி, வெட்டல. நீ வர்றதைப் பெரியப்பா, சித்தப்பாவுக்கும் சொல்ல மாட்டேன். பகலெல்லாம் சறுக்கிட்டு வா, சூப் வெச்சுத் தரேன். துப்புறவங்க துப்பட்டும்."

தனக்காக அவள் எப்பேர்ப்பட்ட பழியைச் சுமக்கத் துணிந்துவிட்டாள் என்பது தாலாய்க்கு உறைத்தது.

"கரகோலுக்கே வரோம்க்கா" என்றான். "யாராவது கேட்டா, நான்தான் வெட்ட விடலைன்னு சொல்லிடு."